வால்வுக்குள் வந்த குருவிச்சை



இந்த மாதம் ஒரு உரை செய்ய வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, "உங்கடை தொழிலைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றார்கள். எந்தத் தொழிலை என்று யோசித்தேன். ஊரில் பத்து வருடம் றேடியோ திருத்தினேன். லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பிறகு ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை, கடைசியாக இளைப்பாறும்வரை பஸ் ஓட்டினேன். இத்தனைக்கும் நடுவில் விடாமல் என்னோடு வந்தது வால்வு றேடியோதான். ஆகவே இன்றைக்கு வால்வுப் பெருக்கியில் வருகிற ஒரு நோயைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் பரசிற்றிக் ஒசிலேஷன் என்பார்கள். தமிழில் ஒட்டுண்ணி அலைவு என்று எழுதலாம். நான் தொழில் பழகிய கடையில் அதற்குப் பெயர் குருவிச்சை.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குருவிச்சை என்றால் என்னவென்று தெரியாது. குருவி ஒன்று பழத்தைத் தின்றுவிட்டு, பசைபோல ஒட்டுகிற கொட்டையை மாமரத்துக் கொப்பிலே தேய்த்துவிட்டுப் போகும். அது அந்தக் கொப்பிலேயே முளைக்கும். மரம் வேர்விட்டுத் தேடிய தண்ணீரை உறிஞ்சிப் பச்சைப்பசேலென்று வளரும். தூரத்தில் நின்று பார்த்தால் மரம் செழித்து நிற்பதுபோலத் தெரியும். கிட்டப் போனால் அந்தக் கொப்பில் ஒரு காயும் இராது. எங்கள் ஐயா கத்தியோடு ஏறி அதை வெட்டி விழுத்துவார்.

வால்வுப் பெருக்கியிலும் இதே கதைதான். நாம் ஒரு வேலைக்காக அதைக் கட்டுகிறோம். அதற்குள்ளே நாம் கேட்காத இன்னொரு அலைவு தானாக முளைத்து, நாம் ஊட்டும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு கிடக்கிறது.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கத்தியதைக் கேட்டிருப்பீர்கள். மேளகாரர் மைக்கைக் கொஞ்சம் குழாய்ப்பக்கம் திருப்பிவிட்டால் "கீ" என்று காது கிழியும். குழாயிலிருந்து வந்த சத்தம் மைக்குக்குள் போகிறது, பெருகுகிறது, திரும்பவும் குழாயால் வருகிறது, திரும்பவும் மைக்குக்குள் போகிறது. ஒரு சுற்றுச் சுற்றிவந்த சத்தம் முதல் போன சத்தத்தைவிடக் குறையாமலும், அதனோடு காலம் பிசகாமலும் வந்து சேர்ந்தால் அது ஓயவே ஓயாது. இதைக் கணக்காக எழுதிவைத்தவர் ஜேர்மனியரான பார்க்ஹவுசன். 1921ஆம் ஆண்டளவில் எழுதியது இன்றைக்கும் மாறவில்லை.

இது எல்லோருக்கும் கேட்கிற சத்தம். குருவிச்சை கேட்காது. அதுதான் அதிலுள்ள கரைச்சல்.

எழுபதுகளின் நடுவில் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு றேடியோக் கடையில் வேலை பழகினேன். கடைக்கார அண்ணை திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுவார். அவருடைய பெரிய பெருக்கியில் 807 என்ற வால்வு இரண்டு இருந்தது. போத்தல்போன்ற கண்ணாடி, தலையிலே ஒரு உலோகத் தொப்பி. அந்தத் தொப்பிதான் அனோட்டு, பல நூறு வோல்ற் ஏறும் இடம். முப்பதுகளில் அமெரிக்காவில் வந்த வால்வு. இரண்டாம் உலகப் போரில் படைகளின் கருவிகளுக்காக ஏராளமாகச் செய்யப்பட்டு, போர் முடிந்தபின் உலகமெங்கும் மலிவாகக் கொட்டுப்பட்டது. நல்ல உழைப்பாளி. ஆனால் குருவிச்சை பிடிப்பதில் பேர்போனது.

ஒரு திருவிழா இரவு அந்தப் பெருக்கியில் பாட்டு மணல் விழுந்தமாதிரிக் கரகரத்தது. மைக்கைக் கழற்றினோம், இசைத்தட்டை நிறுத்தினோம். சத்தம் ஒன்றுமே உள்ளே போகவில்லை. ஆனாலும் ஒரு வால்வின் உள்ளே இருந்த தகடு அடுப்புத்தணல்போலச் சிவந்துகொண்டு வந்தது. அண்ணை உடனே விசையை நிற்பாட்டினார். "உள்ளுக்கை குருவிச்சை பிடிச்சிட்டுது தம்பி" என்றார். பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கரி றெசிஸ்ரரை எடுத்தார். அதன் உடம்பிலே தடித்த செப்புக் கம்பியைச் சில சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் றெசிஸ்ரரின் இரண்டு காலோடு ஈயம் வைத்து ஒட்டினார். அதை வால்வின் தலைத் தொப்பியோடு போகும் கம்பியில் இடையிலே பொருத்தினார். அவ்வளவுதான். பாட்டுத் தெளிந்தது, தகடு கறுத்தது.

"ஏன் அண்ணை?" என்று கேட்டேன்.

"முதல் ஈயம் வடிவாய் வைக்கப் பழகு. ஏன் எண்டதைப் பிறகு பாப்பம்" என்றார்.

பிறகு பார்க்கக் காலம் கிடைக்கவில்லை. 1984இல் நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டுவிட்டேன்.

லண்டனில் அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரத்துக்குப் பரீட்சை எழுதினேன். அந்நாளில் சிற்றலையில் பேசவேண்டுமானால் நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் மோர்ஸும் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோல் நிலையத்தில் இரவு இரண்டு மணிக்கு ஆள் இல்லாத நேரம் மேசையிலே விரலால் தட்டித் தட்டிப் பழகினேன். 1994இல் பத்திரம் கையில் கிடைத்தது. மனைவிக்குச் சந்தோசமில்லை. "ஊரிலை வீட்டிலை ஒரு வயர்த் துண்டு கிடந்தாலே பிடிச்சுக்கொண்டு போவாங்கள். நீங்கள் இஞ்சை கூரையிலை ஏரியல் கட்டிப்போட்டுக் கதைக்கப்போறியளோ?" என்றா. இங்கே அது சட்டப்படி என்று பத்திரத்தைக் காட்டினேன். பத்திரத்தைப் பார்த்தா, கூரையையும் பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். 14 மெகாஹேர்ட்ஸில் பின்னேரங்களில் தென்னிந்தியாவிலிருந்து குரல் வரும். சில நாள் கொழும்பிலிருந்தும் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. வராது என்றும் தெரியும். மின்சாரமே இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் அந்தப் பக்கத்து அலையில் காதை வைத்திருப்பதில் ஒரு ஆறுதல். கேட்கலாம், ஆனால் என் சின்னக் கருவியின் 10 வாற் அங்கே போய்ச் சேராது. ஆகவே 1995 கோடையில் ஒரு பெருக்கி கட்டினேன். பழைய சாமான் சந்தையில் இரண்டு 807 வாங்கினேன். அண்ணையின் வால்வு. விடுவேனா?

ஒரு அலுமினியத் தட்டு, 750 வோல்ற் தருகிற ரான்ஸ்போமர், இரண்டு வால்வும் பக்கத்துப் பக்கத்தில். கம்பிகளைக் கோடு கீறினமாதிரி நேராக ஓட்டி, மூலையில் சதுரமாக மடித்து, மெழுகு நூலால் கட்டினேன். கழகத்துக்குக் கொண்டுபோனபோது வெள்ளைக்காரக் கிழவர்கள் சுற்றிநின்று மெச்சினார்கள். அந்த அழகுதான் எனக்கு வினையானது என்று அப்போது தெரியவில்லை.

இரண்டு கிழமைக்குப்பின் ஒரு நாள் கதவு தட்டுப்பட்டது. பக்கத்து வீட்டு அம்மா. எழுபத்தைந்து வயதிருக்கும், தனியே இருப்பவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கையிலே ஒரு கடதாசி. பின்னேரம் 5 மணிக்கு பிபிசி றேடியோ 4இன் செய்தி நிகழ்ச்சி கேட்பது அவருடைய வழக்கமாம். சில நாட்களில் அதற்குமேல் பெரிய இரைச்சல் ஒன்று வந்து மூடிக்கொள்கிறதாம். எந்தெந்த நாள், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குத் தொடங்கி எப்போது நின்றது என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். "உங்கள் கூரையில் கம்பி இருப்பதைக் கண்டேன், அதுதான் கேட்கலாமென்று வந்தேன்" என்றார். கோபமில்லை.

அமெச்சூர்காரர் அப்போது நாட்குறிப்பு எழுதவேண்டும் என்பது விதி. நான் என் கொப்பியை எடுத்து அவருடைய கடதாசிக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினொரு தடவை. பதினொன்றும் நிமிடக்கணக்கில் பொருந்தியது.

எனக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. நேயர்களே, அகதி மனம் உங்களுக்குத் தெரியும். அந்த அம்மா ஒரு தபால்துண்டு எழுதிப்போட்டிருந்தால் அதிகாரி வந்து கதவைத் தட்டியிருப்பார். பத்திரம் போனால் போகட்டும். அந்த நேரம் எங்களுடைய வதிவிட விண்ணப்பம் வேறு முடிவில்லாமல் கிடந்தது. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமில்லை என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை.

முதலில் பிழையான வழியில் போனேன். கழகத்தில் ஒருவர், "வடிகட்டி போடு" என்றார். 30 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே எதையும் விடாத வடிகட்டி ஒன்றை ஒரு கிழமைச் சம்பளத்தின் நல்ல பங்கைக் கொடுத்து வாங்கி ஏரியல் வயரில் போட்டேன். அடுத்த நாள் பின்னேரம் அந்த அம்மாவைக் கேட்டேன். கொஞ்சம் குறைவு, ஆனால் இருக்கிறது என்றார்.

பிறகுதான் பென்சிலை எடுத்தேன். றேடியோ 4 லண்டனில் 93 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் கேட்கும். ஒரு ஒலிபரப்புக் கருவி தன் அலைக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பிசிறுகளை விடுவது வழமை. நான் பேசுவது 14.2. ஆறு மடங்கு 85.2, ஏழு மடங்கு 99.4. எதனால் பெருக்கினாலும் 93 வராது. அப்படியானால் இது என் குரலின் பிசிறு அல்ல. வேறு ஏதோ ஒன்று என் பெருக்கிக்குள்ளே இருந்துகொண்டு தன்பாட்டில் கத்துகிறது. ஏரியல் வழியாக மட்டுமல்ல, மூடியில்லாத அந்தத் தட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் நேரே சுவரைத் தாண்டிப் போகிறது. வடிகட்டி போட்டும் நிற்காதது அதனால்தான்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன நியோன் விளக்கு ஒன்றை நீளத் தடியின் நுனியில் கட்டி வால்வின் தலைக்குக் கிட்டப் பிடித்தேன். மைக்கில் ஒன்றும் பேசவில்லை. உள்ளே ஒரு சமிக்ஞையும் போகவில்லை. கொண்டன்சரை மெல்லத் திருப்பிக்கொண்டு போக, ஒரு இடத்தில் மீற்றர் முள் துள்ளியது, நியோன் பற்றியது. செம்மஞ்சளாக அல்ல, ஊதாவாக. மிக உயர்ந்த அலையில் நியோன் ஊதா நிறமாகத் தெரியும் என்று பழைய கைந்நூல்கள் சொல்லும். இரண்டாவது வால்வின் தகடு சிவக்கத் தொடங்கியது. இருபது வருடத்துக்கு முன் திருவிழாவிலே பார்த்த அதே சிவப்பு.

குருவிச்சை!

இது எங்கேயிருந்து வந்தது? என் வரைபடத்தில் 93 மெகாஹேர்ட்ஸுக்கு ஒரு சுருளும் இல்லை, ஒரு கொண்டன்சரும் இல்லை. ஆனால் மின்சாரம் எங்கள் வரைபடத்தைப் பார்த்து ஓடுவதில்லை. ஒரு நேர்க் கம்பியும் அதற்கு ஒரு சுருள்தான். சென்ரிமீற்றருக்குச் சுமார் 10 நனோஹென்றி என்று கணக்கு வைக்கலாம். நான் வடிவுக்காகச் சதுரமாக ஓட்டிய அனோட்டுக் கம்பி சுமார் 20 சென்ரிமீற்றர், ஆக 0.2 மைக்ரோஹென்றி. 807இன் உள்ளே அனோட்டுக்கும் மற்றப் பாகங்களுக்கும் இடையில் இயல்பாகவே 7 பிக்கோபரட் உண்டு. இரண்டு வால்வுக்கும் 14. இந்த இரண்டு எண்ணையும் பள்ளிக்கூடத்தில் படித்த பரிவுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 95 மெகாஹேர்ட்ஸ் வரும். நான் போட்டபோது பென்சில் கையில் நின்றுவிட்டது.

கிறிட் பக்கத்திலும் அப்படியே. அங்கே கம்பி 12 சென்ரிமீற்றர், வால்வுகளின் உட்கொள்ளளவு இரண்டுக்குமாக 24 பிக்கோபரட். அதுவும் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நிற்கிறது. முன்னும் பின்னும் ஒரே சுரத்துக்குச் சுருதி கூட்டிவைத்த இரண்டு தந்தி. நடுவிலே பெருக்குவதற்கு வால்வு. மிச்சம் வேண்டியது பின்னிருந்து முன்னுக்கு ஒரு கள்ளப் பாதை மட்டும். அதுவும் வால்வுக்குள்ளேயே இருக்கிறது. அனோட்டுக்கும் கிறிட்டுக்கும் இடையே வால்வு ஒன்றுக்கு 0.2 பிக்கோபரட். அற்பமான அளவு. 14 மெகாஹேர்ட்ஸில் இரண்டு வால்வுக்கும் சேர்த்து அது 28,000 ஓம் சுவர்போல நிற்கும், ஒன்றும் கசியாது. 93இல் அதே சுவர் 4,300 ஓமாக இறங்கிவிடும். போதாக்குறைக்கு, திரைக்கிறிட்டை நிலத்தோடு இணைக்கும் கொண்டன்சருக்கு நான் விட்ட நீளக் கால்கள். அந்த உயர்ந்த அலையில் திரைக்கிறிட் நிலத்திலே இல்லை, ஊஞ்சலிலே இருந்தது.

இவ்வளவும் கணக்குப் பார்த்தபின் அண்ணையின் கைதான் நினைவுக்கு வந்தது. கரி றெசிஸ்ரரும் அதன்மேல் கம்பிச் சுற்றும். எத்தனை ஓம்? எத்தனை சுற்று? நினைவில் இல்லை. அவரையே கேட்டு எழுதலாம் என்று கடிதம் தொடங்கினேன். மனைவி தோளுக்கு மேலாலே பார்த்தா. "கடிதத்திலை வயர்ப் படம் கீறி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிறியளோ? அந்த மனிசனை இருக்கவிடுங்கோ" என்றா. அது நியாயம். கடிதம் எத்தனை கையால் உடைபட்டுப் போகும் என்று யாருக்குத் தெரியும்? படத்தைக் கிழித்துவிட்டுச் சுகம் மட்டும் கேட்டு எழுதினேன். அது போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அந்த ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே வெளிக்கிட்டு நடந்தது. பிறகு பல மாதம் அண்ணை எந்தப் பக்கம், இருக்கிறாரோ இல்லையோ என்றே தெரியாது.

நூலகத்தில் அமெரிக்க அமெச்சூர் சங்கத்தின் கைந்நூல் கிடைத்தது. அதிலே அண்ணையின் கைவேலை அப்படியே இருந்தது, படத்தோடு. 50 ஓம் பக்கத்தில் ஒரு கரித் தடை, அதன்மேல் ஒரு சில சுற்று. ஏன் என்பதும் இருந்தது. ஊஞ்சலில் ஆடுகிற பிள்ளையைப் பின்னாலே நின்று தள்ளிக்கொண்டே இருந்தால் ஆட்டம் கூடும். பிள்ளை காலை மண்ணிலே இழுத்தால் எவ்வளவு தள்ளினாலும் கூடாது. தடைதான் மண்ணில் இழுபடும் அந்தக் கால். ஆனால் எந்நேரமும் கால் இழுபட்டால் நமக்கு வேண்டிய 14 மெகாஹேர்ட்ஸ் ஆட்டமும் நின்றுவிடும். அதற்காகத்தான் அந்தச் சுற்று. ஐந்து சுற்றுக்குச் சுமார் 0.1 மைக்ரோஹென்றி. 14இல் அது 9 ஓம் மட்டும், ஆகவே மின்னோட்டம் சுகமாகச் சுருளாலே போய்விடும், தடையை எட்டியும் பாராது. 93இல் அதே சுருள் 58 ஓம். அப்போது பெரும்பகுதி தடைக்குள் திரும்பி அங்கே சூடாகிச் செத்துப்போகிறது. வால்வின் பலத்தில் கைவைக்காமல், குருவிச்சைக்குப் போகிற சாற்றை மட்டும் வழியில் மறிக்கிற வேலை.

இங்கேயும் ஒரு தடவை சறுக்கினேன். கடையில் கரித் தடை இருக்கவில்லை. 47 ஓம்தானே என்று கம்பி சுற்றிய தடை இரண்டு வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. கம்பி சுற்றிய தடை தானே ஒரு சுருள் என்பது அரைமணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் உறைத்தது. பழைய றேடியோ ஒன்றை உடைத்துக் கரித் தடை எடுத்தேன். வால்வுக்கு ஒன்றாக, 47 ஓம், 2 வாற், ஐந்து சுற்று, தலைத் தொப்பிக்கு ஒட்டினாற்போல. கிறிட் ஒவ்வொன்றிலும் வால்வுக் குதையின் காலிலேயே 100 ஓம், ஒரு மில்லிமீற்றர் கம்பியும் மிச்சம் விடாமல். திரைக்கிறிட் கொண்டன்சரின் கால்களை ஒட்ட வெட்டினேன். கடைசியாக, கழகத்தார் மெச்சிய அந்தச் சதுர மடிப்புக் கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குறுக்கு வழியிலே ஒரு செப்புத் தகட்டை ஓட்டினேன். பார்க்க அசிங்கம்தான்.

உயர் அழுத்தத்தில் கைவைக்கும் விடயம் என்றபடியால் ஒன்று சொல்லவேண்டும். இந்த 750 வோல்ற் ஆளைக் கொல்லும். விசையை நிற்பாட்டின பிறகும் கொண்டன்சரில் தங்கி நின்று கொல்லும். பிளக்கைக் கழற்றி, நிலத்தோடு கட்டிய தடியால் தொட்டு இறக்கிய பிறகே கை போகவேண்டும். அண்ணை ஒரு கையைச் சாரத்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டுதான் மற்றக் கையால் வேலை செய்வார். வீட்டில் தாத்தாவின் பழைய வால்வு றேடியோ வைத்திருப்பவர்கள் வேடிக்கைக்காகத் திறக்காதீர்கள்.

பரிசோதிக்க ஒரு கருவி வேண்டும். கழகத்தில் இரவல் வாங்கிய டிப் மீற்றர் ஒன்றை, மின்சாரம் இல்லாமல் கம்பிக்குக் கிட்டப் பிடித்து, பரிவு எங்கே என்று முன்னமே பார்த்திருந்தேன். தடை போட்ட பிறகு அந்த இடத்தில் முள் இறங்கவே இல்லை. ஆனால் எனக்கு நம்பிக்கை தந்த கருவி பக்கத்து வீட்டு அம்மாதான். நடந்ததைப் போய்ச் சொன்னேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். தன் கணவர் போர்க்காலத்தில் கடற்படையில் வயர்லெஸ் இயக்கியவர் என்றார் அவர். பிறகு அவரே ஒரு ஏற்பாடு சொன்னார். அவர் தன் பக்கத்தில் சுவரோடு கதிரையைப் போட்டு றேடியோவை 93இல் வைத்துக்கொண்டு இருப்பார். இரைச்சல் வந்தால் சுவரில் ஒரு தட்டு. தெளிவென்றால் இரண்டு தட்டு.

ரான்ஸ்போமருக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு 100 வாற் பல்பைத் தொடராகப் போட்டு அழுத்தத்தைக் குறைத்து வைத்தேன். சமிக்ஞை ஒன்றும் கொடுக்காமல், வால்வு கொஞ்சம் மின்னோட்டம் இழுக்கிற அளவுக்குக் கிறிட் அழுத்தத்தை விட்டேன். கொண்டன்சர்களை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, மூலை முடுக்கு விடாமல் திருப்பினேன். முள் அசையக்கூடாது. பழைய இடத்துக்கு வந்தேன். சுவரில் இரண்டு தட்டு. அப்பால் போனேன். இரண்டு தட்டு. பல்பை எடுத்து முழு அழுத்தம் கொடுத்தேன். மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலிலே நின்றா. இரண்டு தட்டு.

பக்கத்து வீட்டுக்காரர் சண்டை றேடியோவுக்குப் புதிதல்ல. 1912இல் அமெரிக்கரான ஆம்ஸ்ரோங் வால்வில் பெருகியதைத் திருப்பி ஊட்டினால் பெருக்கம் பல மடங்காகிறது என்று கண்டார். கொஞ்சம் கூட ஊட்டினால் வால்வு தானே அலையத் தொடங்குகிறது என்றும் கண்டார். இன்றைய ஒலிபரப்பெல்லாம் அந்த அலைவிலிருந்து வந்ததுதான். வேண்டும்போது அலைவாக்கி, வேண்டாதபோது குருவிச்சை. இருபதுகளில் அந்தவகைப் பெட்டி வைத்திருந்த லண்டன்காரர் திருகைக் கூடத் திருப்பிவிட, அயலெல்லாம் ஊளைச்சத்தம் கேட்டதாம். அப்படிச் செய்யவேண்டாம் என்று பிபிசி நேயர்களைக் கேட்டுக்கொண்டதும் உண்டு.

எண்பதுகளின் கடைசியில் தொடங்கி, செப்புக்குப் பதிலாக நைக்குரோம் கம்பியில் சுற்றினால்தான் திறம் என்று ஒரு வாதம் அமெரிக்க அமெச்சூர்களுக்குள் பெரிதாக எழுந்தது. பெரிய வால்வுகளில் அது எப்படியோ, 807க்குச் செப்பும் குறுகிய கம்பியும் காணும் என்பது என் அபிப்பிராயம். அந்த வாதத்தில் ஆட்கள் சூடான அளவுக்குத் தடைகள் சூடாகியிருக்காது.

என்னுடையதில் ஒரு குறை மட்டும் இருந்தது. 28 மெகாஹேர்ட்ஸுக்குப் போனால் தடைகள் கை வைக்கமுடியாதபடி சுட்டன. வைத்திருந்தேன், ஓடிக்கொண்டிருந்தது.

2002இல் ஒப்பந்தம் வந்து பாதை திறந்தது. 2003 ஓகஸ்ற்றில் யாழ்ப்பாணம் போனேன். அண்ணை இருந்தார். கடை இல்லை, கண்பார்வையும் குறைவு. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். என் குரலில்தான் ஆளை அறிந்தார். 95இல் தென்மராட்சிக்கு நடந்தபோது கடைச்சாமானில் ஈயம் ஒட்டுகிற கோலை மட்டும் கொண்டுபோனாராம். "அதை ஏன் அண்ணை?" என்று கேட்டதற்குச் சிரித்தார்.

நான் லண்டன் குருவிச்சைக் கதையைச் சொன்னேன். கம்பியின் நீளம், 95 மெகாஹேர்ட்ஸ், 9 ஓம், 58 ஓம் எல்லாம் சொன்னேன். பல வருடத்துக்கு முன் அவர் "பிறகு பாப்பம்" என்ற அந்த ஏன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நீ சொல்லுறது சரியாய்த்தான் இருக்கும்" என்றார். "எனக்கு ஏன் எண்டு தெரியாது தம்பி. என்ரை முதலாளி செய்து காட்டினவர், நான் செய்தனான். அதுதான் உனக்கு அப்ப சொல்லேல்லை." கொஞ்ச நேரம் பொறுத்து, "எத்தினை சுத்துப் போட்டனி?" என்றார்.

"அஞ்சு அண்ணை. மேலை போனால் றெசிஸ்ரர் சுடுது."

"ஒண்டைக் கழட்டு. நாலு காணும்."

திரும்பி வந்த கிழமையே ஒரு சுற்றைக் கழற்றினேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. ஆனாலும் விடயத்தைச் சொன்னவுடன் கதிரையைச் சுவரோடு இழுக்கிற சத்தம் கேட்டது. கொண்டன்சரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்லத் திருப்பினேன். முழுவதும் திருப்பி முடியும்வரை அவர் பொறுத்திருந்து, பிறகு இரண்டு தட்டுத் தட்டினார்.